என் கார்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

பிப்ரவரி 23, ஞாயிறு

கருவாயா, ஊருக்கு முன்னால் உன்னை மாமா என்று கூப்பிட்டேன். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கருவாயன். இனிமேல் கேட்பதற்கு ஆள் இல்லை, இந்த நோட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

இது உரக்கடைக்காரர் பொங்கலுக்கு உனக்குக் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் பூபதி என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறாய். அதோடு உன் எழுத்து வேலை முடிந்தது. மீதியை எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். லோடு டிராக்டரை மேட்டில் திருப்பாதே என்று மரவள்ளிக் கிழங்குக் காட்டுக்காரர் சொன்னாராம். நீ யார் சொல்லிக் கேட்டாய், வண்டி உன் மேலேயே கவிழ்ந்தது.

நீ போய் இன்றோடு பதினொரு நாள். எனக்கு ஐந்தாம் மாதம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நான் வாசல் தாண்டக் கூடாதாம். மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். மாடு கறக்க மட்டும் கொல்லைப்பக்கம் போகலாமாம். அதற்குத் தீட்டு இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். எனக்கு முறை. வாசல் தாண்டக் கூடாது. ஆனால் ஒரு மாதம் விட்டால் சர்க்கார் கொடுக்கிற உதவிப் பணம் நின்றுவிடும் என்று அத்தைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகன் போன துக்கத்திலும் அது மட்டும் மறக்கவில்லை.

கடைசியில் என் கர்ப்பிணி கார்டைக் கொடுத்து, காரியத்துக்காக வந்து தங்கியிருக்கிற உன் தங்கச்சியை அனுப்பிவிட்டார்.

"எஸ்தர் சிஸ்டர் இன்னிக்கி லீவாமா. புதுசா ஒரு பொண்ணு வந்திருக்குது, அதுக்கு யார் மூஞ்சி தெரியும்? வஞ்சின்னு கூப்பிட்டா எந்திரிச்சுப் போய் நில்லு. உனக்கும் வயிறு இருக்குது, ஒண்ணும் தெரியாது."

கோகிலா தலையாட்டினாள். அவளுக்கு நான்காம் மாதம். முன்பு இரண்டு தடவை இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோனதால், ஐந்து மாதம் நிறையும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது, கார்டு போடக் கூடாது என்று அத்தை சாமியிடம் வேண்டியிருக்கிறார். தன் பெயரில் கார்டு போட்டால் பிள்ளை நிற்காது, என் பெயரில் போய் நின்றால் நிற்கும். உன் வீட்டுக் கணக்கு எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

மத்தியானம் வந்தாள். "எடை பாத்தாங்க, சீல் வெச்சாங்க, அவ்ளோதான்" என்று கார்டை அத்தையிடம் கொடுத்தாள். அத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பிப்ரவரி 28, வெள்ளி

காரியம் முடிந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து, சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 3, திங்கள்

எஸ்தர் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். அத்தையிடம் ஏதோ தடுப்பூசி என்று சொல்லிவிட்டு என்னை மட்டும் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"பதறாம கேளு சாமி. உன் ரத்தத்துல எச்ஐவி டெஸ்ட்டு, இருக்கற மாதிரி காட்டியிருக்குது. இது முடிவில்ல. தாலுகா ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையம் இருக்குது, அங்க மறுபடியும் பாத்தாத்தான் உறுதி. இந்தா சீட்டு. யாருகிட்டயும் காட்டாதே."

மூன்றாம் மாதம் கையில் ரத்தம் எடுத்தார்கள். அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். யாரிடமும் காட்டாதே என்றது மாட்டுக்கொட்டகை தாண்டுவதற்குள் அத்தை கைக்குப் போய்விட்டது. தடுப்பூசிக்கு எதற்குச் சீட்டு என்று பிடுங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கோகிலாவைக் கூப்பிட்டார்.

கோகிலா நின்றபடியே படித்தாள். "வஞ்சி, கணவர் பேரு பூபதி, வயசு இருபத்தி நாலு. எச்ஐவி... நம்பிக்கை மையத்துக்கு அனுப்பறாங்களாம்."

"அப்பறம்?"

"அவ்ளோதாம்மா. டாக்டர் கையெழுத்து."

அத்தை தலையிலும் வாயிலும் அடித்துக்கொண்டார். "மில்லுல வேலை பாத்தவ வேண்டாம் வேண்டாம்னேன், கேட்டானா? என் பையனைத் தின்னுட்டு இன்னும் சீக்கை வெச்சுட்டு உக்காந்திருக்கறா!"

உன் தங்கச்சிதான் குறுக்கே வந்தாள். "அண்ணிய ஏம்மா வையறே? அண்ணன் சேலத்துக்கு லோடு போய் ராத்தங்கலா இருந்துச்சே, அங்க என்ன பண்ணுச்சுன்னு நாம கண்டமா?"

இந்த வீட்டில் எனக்காகப் பேசிய முதல் வாய் அதுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

உன் போட்டோவுக்கு விளக்கு ஏற்றவில்லை. இருட்டில் இரு.

மார்ச் 5, புதன்

சேலம் லோடு, வண்டி ரிப்பேர், மழை, கிழங்கு மில்லில் கியூ. நீ சொன்ன காரணமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. நானும் ஒரு மடச்சி, சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்து முதுகு தேய்க்கச் சொன்னாய். தேய்த்தேன். வெட்கமில்லாத முதுகு.

செத்தவனைத் திட்டினால் பாவம் என்பார்கள். திட்டாமல் விட்டால் உனக்குப் புண்ணியமா?

சாணி அள்ளினேன். கோழிக்குத் தவிடு வைத்தேன். இன்றைக்கும் விளக்கு இல்லை.

மார்ச் 6, வியாழன்

தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். மருந்து வாங்கும் வரிசையைத் தாண்டிக் கடைசியில் ஒரு கதவு, மேலே நம்பிக்கை மையம் என்று போர்டு. வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்தக் கதவைத் திறக்கிற முகத்தைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. நானும் நன்றாகத் திரும்பி எல்லோருக்கும் முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

கண்ணாடி போட்ட ஒரு மேடம் இருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். நீ போனதற்குப் பிறகு என்னை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. ரத்தம் எடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். அவர் முகமே சரியில்லை.

"அம்மா, இங்க இல்லைன்னு வருது. அங்க இருக்குன்னு வந்திருக்கு. முதல் டெஸ்ட்டு சில சமயம் தப்பாக் காட்டும், அதுக்குத்தான் இங்க அனுப்பறது. இருந்தாலும் ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப்போகலைன்னா விட்டுட முடியாது. பதினாலு நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாம்."

"மூணாம் மாசம் எடுத்த ரத்தங்க அது. கெட்டுப்போயிருக்குமுங்க" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மூணாம் மாசம் அங்க கிட் தீர்ந்துபோச்சுன்னு இந்த டெஸ்ட்டே பண்ணலை. இது பிப்ரவரி இருபத்தஞ்சு, செவ்வாய்க்கிழமை, விரல்ல குத்தி எடுத்தது. சீட்டுலயே தேதி இருக்கே, பாருங்க."

பார்த்தேன். இருந்தது.

"அந்த ரத்தம் உங்களோடதுதானம்மா?"

"வேற யாரோடதுங்க?" என்றேன்.

அவர் சீட்டை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு, ஒருவேளை இருந்தாலும் பயப்பட வேண்டாம், தினம் ஒரு மாத்திரை, சீக்கிரம் ஆரம்பித்தால் பிள்ளைக்குப் பெரும்பாலும் வராமல் பார்த்துக்கொள்ளலாம், தள்ளத் தள்ளத்தான் ஆபத்து என்றார். எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் உன் போட்டோவைத் துடைத்து விளக்கு ஏற்றினேன். ஏன் என்று கேட்காதே.

மார்ச் 7, வெள்ளி

எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சோப்பு. நீ நாய்க்குச் சோறு வைக்கிற அலுமினியத் தட்டைக் கழுவி எனக்கு வைத்திருக்கிறார் அத்தை. நாய்க்குப் பழைய சட்டி. நாய் என்னை முறைத்துக்கொண்டு போகிறது.

"அங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"இருக்குதுன்னும் சொல்றாங்க, இல்லைன்னும் சொல்றாங்க. பதினாலு நாள் கழிச்சு மறுபடியும் போகோணுமாம்."

"இருக்கறதுனாலதான் போகச் சொல்றாங்க. இல்லாட்டி எதுக்கு வரச் சொல்லப்போறாங்க?"

கோகிலா தலை குனிந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பூண்டையே மறுபடியும் உரித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

பால் சொசைட்டியில் என் கேனைத் தொடவில்லை.

"வஞ்சி, தப்பா நெனைக்காத. இனிமே உங்கத்தையக் கொண்டாரச் சொல்லு. நாலு பேரு ஒரு மாதிரி பேசறாங்க" என்றார் செகரட்டரி.

"ஏனுங்க, மாட்டுக்கும் டெஸ்ட் பண்ணோணுமுங்களா?"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. அத்தை பக்கத்து வீட்டில் மட்டும்தான் சொன்னாராம், யாருக்கும் சொல்லாதே என்றும் சொன்னாராம். அப்புறம் எப்படித்தான் பரவியதோ, பாவம்.

ஊரில் இரண்டு கட்சி. மில்லுக்காரி கொண்டுவந்தாள் என்பது ஒன்று. லோடுக்குப் போனவன் கொண்டுவந்தான் என்பது ஒன்று. உன் கட்சிதான் பெரிசு. உனக்குப் பெண்கள் ஓட்டு விழுகிறது. நீ சிரித்துப் பேசுகிறவன் அல்லவா, அதனால் ஈசியாக நம்பிவிட்டார்கள். மூன்று நாள் நானே நம்பினேன். ஊரை என்ன சொல்ல.

மார்ச் 11, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் இந்த மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் விரலில் யாரும் குத்தவில்லை. என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து போய் விரலை நீட்டியது உன் தங்கச்சி. அது எனக்கு ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தெரிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்கிறாயா? கார்டு மாற்றிப் போனது தெரிந்தால் பணம் நின்றுவிடும் என்று அத்தை திட்டுவார். சொன்னாலும் நம்பமாட்டார், சீக்குக்காரி பழியைத் தள்ளுகிறாள் என்பார். அது நர்ஸ் வேலை, நர்ஸ் கண்டுபிடிக்கட்டும். எனக்குப் போவதற்கு வேறு வீடு கிடையாது. போதுமா காரணம்?

அத்தை இன்று மகளுக்குத் தலை வாரிவிட்டார். நான் பக்கத்தில் வந்ததும் மகள் முந்தானையை இழுத்துத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டார், என் மேல் பட்டுவிடாமல். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் அந்த முந்தானை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று நினைத்தேன். நினைக்க நன்றாக இருந்தது. அலுமினியத் தட்டில் இரண்டு வாய் கூடவே சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

முப்பதாம் நாள். உனக்குப் படைத்ததை அத்தை என்னைத் தொடவிடவில்லை. கோகிலா இலை போட்டாள். பரிமாறிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அசையுதும்மா."

"வாயை மூடு. அஞ்சு மாசம் ஆகட்டும்" என்றார் அத்தை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் போன வீட்டில் அந்த ஒரு அசைவுதான் அவருக்கு இருக்கிறது. என் வயிற்றில் இருப்பது அவர் மகனுடையது என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோகிலாவின் மாமனார் மாமியார் வந்து அழைத்துப்போகிறார்களாம். போனால் அவர்கள் ஊர், அவர்கள் நர்ஸ், அவர்கள் சாமி. வேண்டுதல் முடிந்து கார்டு போட இன்னும் ஒரு மாதம் ஆகும். தள்ளத் தள்ளத்தான் ஆபத்து என்று அந்த மேடம் எனக்கு ஏன் இரண்டு தடவை சொன்னார்?

மார்ச் 15, சனி

துவைக்கிற கல்லில் கோகிலா தனியாக இருந்தாள். அத்தை சொசைட்டிக்குப் பால் கொண்டுபோயிருந்தார். என் துணி வாளியைப் பக்கத்தில் வைத்தேன். தள்ளிப்போய் நின்றாள்.

"கோகிலா, சீட்டை அவ்வளவு படிச்சயே, தேதிய மட்டும் ஏன் விட்டுட்டே?"

"என்ன தேதி?"

"உன் விரல்ல குத்துன தேதி."

துணியைப் பிழிந்தாள். தண்ணீர் எல்லாம் வடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"எடை பாத்தாங்க, சீல் வெச்சாங்கன்னு வந்து சொன்னயே."

"விரல்ல சும்மா ஒரு குத்துத்தான் அண்ணி. நீட்டுன்னாங்க, நீட்டினேன். எனக்கு என்ன தெரியும்?"

"சீட்டு வந்த அன்னிக்குத் தெரிஞ்சுதல்ல?"

பிழிந்த துணியை உதறி மறுபடியும் தண்ணீரில் போட்டாள்.

"தெரிஞ்சுதான் உங்கண்ணனைச் சொன்னியா? லோடு போன எடத்துலன்னு?"

அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ கேட்க வேண்டும்.

"அண்ணன்தான் செத்துப்போச்சே அண்ணி. செத்துப்போனவங்களுக்கு இனி என்ன ஆகப்போகுது? நான் இருந்தாகோணுமே."

கை ஓங்கிவிட்டேன். நீ தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன தங்கச்சி. அந்தப் போர்வெல் வண்டிக்காரனுக்கு இவளைக் கொடுக்க வேண்டாம், வருசத்தில் பத்து மாதம் எங்கேயோ வடக்கே ரிக் ஓட்டுகிறவன் என்று நீ ஒருத்தன்தான் சொன்னாய். இவள் அழுததும் வாயை மூடிக்கொண்டாய். இவள் அழுதால் நீ எதற்கும் வாயை மூடுவாய். அவளும் அதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறாள். உயிரோடு இருந்தபோதே மூடிய வாய், இப்போது கேட்கவா வேண்டும்.

அடிக்கவில்லை. அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. ஊருக்கு முன்னால் கத்துவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன், ஒவ்வொரு வார்த்தையும் கூர் தீட்டி. ஒன்றும் வரவில்லை.

"மாத்திரை இருக்குதாமா. இப்பவே ஆரம்பிச்சாப் புள்ளைக்கு வராமப் பாத்துக்கலாமாமா. தள்ளுனாத்தான் கெடுதலாமா" என்றேன்.

"நெசமாவா?"

"அந்த மேடம் சொல்லி ஒம்பது நாளாச்சு."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. ஒன்பது நாள். அவளுக்கும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு ஒம்பது நாளா தெரியுமா அண்ணி?"

நான் என் துணியைப் பிழிய ஆரம்பித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோகிலாவின் மாமனார் மாமியார் வந்தார்கள். காலையிலிருந்து வாந்தி என்று கோகிலா கட்டிலை விட்டு எழவில்லை. நடிப்பதில் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பத்து நாள் கழித்து வருகிறோம் என்று போய்விட்டார்கள். என் கையால் தண்ணீர் வாங்கவில்லை. மாமியார்க்காரி என்னைப் பார்த்து, "பாவம், புருசன் பண்ணுன பாவம்" என்று உச்சுக்கொட்டினாள். கட்டிலில் படுத்திருந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 19, புதன்

"நாளைக்குத் தொணைக்கு ஒரு ஆள் வேணுமாம். இல்லாட்டி நர்ஸே வீட்டுக்கு வருவாங்களாம்" என்று அத்தையிடம் சொன்னேன். நர்ஸ் மறுபடியும் தெருவில் வருவதா என்று பயந்துபோய், கோகிலாவையே அனுப்புகிறேன் என்றார். "பஸ்ஸுல அவ பக்கத்துல உக்காராதே. ஜன்னலோரம் போயிரு." மகளைக் காப்பாற்றுகிறாராம்.

மார்ச் 20, வியாழன்

பஸ்ஸில் கோகிலா என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வரிசைக்காரர்கள் இன்று இரண்டு முகம் பார்த்தார்கள்.

மேடத்திடம், "அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, அந்த ரத்தம் இந்தப் புள்ளையோடதுங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"ஒருத்தர் கார்டுல இன்னொருத்தர் போறதா? ரத்த வகை மாறியிருந்தா பிரசவத்துல உயிரே போயிருக்கும், தெரியுமா? அன்னைக்கே சொல்லியிருந்தா பதினாலு நாள் மிச்சமாகியிருக்குமேம்மா."

திட்டுவது அவருக்கு நன்றாக வருகிறது. அத்தையை விட நன்றாக வருகிறது, ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. அந்தப் புது நர்ஸையும் முகம் பார்க்காமல் குத்தியதற்குக் கேட்கப்போகிறாராம். கேட்கட்டும்.

கோகிலாவைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் எடுத்தார்கள். எனக்கு இல்லை. அவளுக்கு ஒன்றுக்கு மூன்றாகப் பார்த்தார்கள். மூன்றிலும் இருந்தது.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். மேடம் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் என்னை உள்ளே கூப்பிட்டார். கோகிலா அழவில்லை. அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி வந்துச்சு, யாராலன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு உக்காராதீங்க. மாத்திரைய விடாமச் சாப்பிடுங்க. பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். பிறந்ததும் குழந்தைக்குச் சொட்டு மருந்து இருக்கு. உங்க வீட்டுக்காரரும் டெஸ்ட்டு பண்ணணும்."

"அவரு சத்தீஸ்கர்ல இருக்கறாருங்க. வந்ததும் நானே சொல்லிக் கூட்டியாறேனுங்க."

"போன்ல வரச் சொல்லுங்க. இந்த மாசமே."

சரி என்றாள். மேடம் அவன் நம்பரை எழுதிக்கொண்டு, வராவிட்டால் திரும்ப அவளைக் கேட்பேன் என்றார்.

என்னிடம் என் ரிப்போர்ட்டைக் கொடுத்தார். "உங்களுக்கு இல்லைம்மா. நிம்மதியா இருங்க." ஒரே ஒரு தாள். இதை விரித்துக் காட்டினால் சொசைட்டியில் கேன் வாங்குவார்கள். நாய்க்கு அதன் தட்டு திரும்பக் கிடைக்கும். உன்னைப் பற்றிப் பேசின வாயெல்லாம் மூடும்.

பஸ் ஸ்டாண்டில் கோகிலா கேட்டாள். "அந்த மாத்திரைய எங்க அண்ணி வெக்கறது?"

நான் ரிப்போர்ட்டை நாலாக மடித்தேன். அவளும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பஸ் வரும்வரை என் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 24, திங்கள்

ஜில்லா ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கினோம். வெள்ளை டப்பா, குலுக்கினால் சத்தம் வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை பையைப் பிடுங்கித் திறந்தார்.

"இது என்ன?"

கோகிலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்கிறாய். அதைப் பார்த்துத்தான் நீ ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போனாய்.

"என்னோடதுங்க அத்தை" என்றேன்.

அத்தை டப்பாவைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சாம்பலில் தேய்த்துக் கழுவினார். "அப்ப உறுதியாயிருச்சு" என்றார். வாசலில் போய் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தார். உன்னைப் புதைத்த அன்றைக்கு இருந்ததை விடச் சத்தமாக.

டப்பாவை என் தகரப் பெட்டியில் வைத்தேன். சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் கோகிலா வந்தாள். ஒரு மாத்திரை எடுத்துக்கொடுத்தேன். தண்ணீருக்கு என் டம்ளரையே எடுத்தாள். குடித்துவிட்டு நின்றாள், ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "நாளைக்கும் இதே நேரமா அண்ணி?" என்றாள்.

நன்றி சொல்லத் தெரியாத குடும்பம்.

மார்ச் 27, வியாழன்

கோகிலாவின் புருசன் லோகநாதன் போன் பண்ணினான். அடுத்த வாரம் வருகிறானாம். அவனுக்குச் சொல்லும் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்ன பிறகு? பிரசவம் ஆகட்டும் அண்ணி என்றாள். பிரசவம் ஆன பிறகு? கையை விட்டுவிட்டாள். மாமனார் மாமியாரிடம், உடம்பு முடியவில்லை, பிரசவம்வரை இங்கேயே இருக்கட்டும் என்று அத்தையை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் மாத்திரை டப்பாவும் இங்கேயேதான்.

ரிப்போர்ட்டை அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன். போடவில்லை. என் பிள்ளை பெரிதாகிக் கேட்டால் காட்ட ஒன்று வேண்டும். இந்த டைரியின் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இன்று தண்ணீர்க் குழாயில் உன்னைப் பற்றிப் பேசினார்கள். நான் வந்ததும் நிறுத்தவில்லை, இப்போதெல்லாம் நிறுத்துவதில்லை. "நல்ல பையன்னு நெனச்சமே, இப்படிக் கொண்டாந்து பொண்டாட்டிக்கும் குடுத்துட்டுப் போயிட்டானே." நான் குடத்தை வைத்து நிரப்பினேன். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. குடம் நிரம்பி வழிந்த பிறகும் குழாயைத் திருகவில்லை.

என் பெயரைக் கொடுத்தது நான். அதில் எனக்குக் கேள்வி இல்லை, நானே கொடுத்தேன், ஒன்பது நாள் சும்மா இருந்ததற்கு அது சரியாய்ப் போகட்டும். ஆனால் உன் பெயரும் அதோடு சேர்ந்துதான் போனது. அதை உன் தங்கச்சி உன்னைக் கேட்காமல் எடுத்தாள். பிறகு நானும் கேட்காமல் அவள் கையிலேயே விட்டுவிட்டேன். எவ்வளவு யோசித்தாலும் உன் முகத்தைப் பார்த்துப் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை, போட்டோவில் நீ ரேஷன் கார்டுக்கு முறைத்தது போலவே முறைத்துக்கொண்டிருக்கிறாய்.

நீ உயிரோடு இருந்து, உன்னைக் கேட்டிருந்தால், உன் பெயரை நீயே கொடுத்திருப்பாயா?